வரி தாவும் கண்கள்

மென்பொருள் நிறுவனங்களில் எழுதப்படும் நிரல், எழுதியவர் முடித்துவிட்டார் என்பதற்காக உடனே பயன்பாட்டுக்குப் போய்விடுவதில்லை. அதே குழுவைச் சேர்ந்த இன்னொருவர் அதைப் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் சுட்டிக்காட்டி, திருத்தங்களை மறுபடியும் சரிபார்த்து ஒப்புதல் தந்த பிறகே அது மூல நிரலோடு சேர்க்கப்படுகிறது. அலுவலகப் பேச்சில் ‘கோட் ரிவ்யூ’ எனப்படும் இந்த நிரல் மீளாய்வுக்கு முறையான வடிவம் கொடுத்தவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் ஃபேகன். அவர் 1976இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த முறைப்படி, அச்சிட்ட நிரலைக் கையில் வைத்துக்கொண்டு நான்கைந்து பேர் கூட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட பொறுப்போடு அதை அலசினார்கள். இன்று அந்தக் கூட்டம் பெரும்பாலும் மறைந்து, நீக்கப்பட்ட வரிகள் சிவப்பிலும் சேர்க்கப்பட்ட வரிகள் பச்சையிலும் தெரியும் ஒரு திரையின் முன் தனியொருவர் அமர்ந்து செய்யும் வேலையாக மீளாய்வு சுருங்கிவிட்டது. கருவிகள் எவ்வளவோ மாறியிருந்தும், பிழையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அந்தத் தனியொருவரின் கண்ணிடமும் கவனத்திடமும்தான் இருக்கிறது.

அந்தக் கண் எதைப் பார்க்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை மீளாய்வு செய்பவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. படிக்கும்போது கண் நொடிக்கு மூன்று நான்கு முறை இடம் மாறுகிறது. அவற்றில் எதுவும் நினைவில் தங்குவதில்லை. ‘முழுவதும் படித்தேன்’ என்று ஒருவர் நேர்மையாகவே சொல்லலாம். அவர் கண் நான்கு வரிகளைத் தொடாமலே கடந்து போயிருக்கலாம். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அவசரமாகத் திருத்திய ஒரு பாதுகாப்புப் பிழை, இந்த வகைத் தவறுக்குப் பாடநூல் உதாரணமாகிவிட்டது. இணைய இணைப்பின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் நிரலில், ‘தோல்விப் பகுதிக்குப் போ’ என்று பொருள்படும் ‘கோட்டூ ஃபெயில்’ என்ற வரி அடுத்தடுத்து இருமுறை வந்துவிட்டது. முதல் வரி, அதற்கு மேலே உள்ள நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது வரியோ எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் எப்போதும் நிறைவேறியது. இதனால் அதன் கீழே இருந்த இறுதிச் சோதனை ஒருபோதும் நடக்கவே இல்லை. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்ததால், இரண்டுமே நிபந்தனைக்குள் இருப்பதுபோல் தோற்றம் தந்தன. யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பொதுவில் கிடைத்த நிரல் அது. ஆனாலும் அந்தப் பிழை ஓராண்டுக்கும் மேலாக அதில் நீடித்தது.

கண் ஒரு பக்கத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, நின்று நின்று தாவுகிறது என்பது 1870களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. பாரிஸ் நகரின் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வகத்தோடு இணைத்துப் பேசப்படும் கண்டுபிடிப்பு அது. இந்த அசைவை முதலில் பதிவு செய்த கருவிகள் சற்றுக் கொடூரமானவை: அமெரிக்க உளவியலாளர் எட்மண்ட் ஹியூ, படிப்பவரின் கருவிழிப் படலத்தின் மீது நடுவில் துளையிட்ட ஒரு சிறு சாந்துக் கிண்ணத்தைப் பொருத்தி, அதோடு இணைத்த அலுமினிய முள் ஒன்று கண்ணின் அசைவைக் கோடாக வரையும்படி செய்தார். 1901இல் ரேமண்ட் டாட்ஜும் தாமஸ் கிளைனும், கண்ணைத் தொடாமல், கருவிழிப் படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைப் புகைப்படமாக எடுத்து அதே வேலையைச் செய்து காட்டினர். இன்றைய கருவிகள் பின்பற்றுவதும் அடிப்படையில் இந்த இரண்டாவது வழியைத்தான்.

திரைக்குக் கீழே ஒரு சிறு பட்டைபோல் பொருத்தப்படும் இன்றைய கண்தடக் கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் படிப்பவரின் முகத்தின் மீது வீசுகிறது. அந்த ஒளி கருவிழிப் படலத்தில் ஒரு சிறு மின்னும் புள்ளியாகப் பிரதிபலிக்க, கருவியில் உள்ள கேமரா அந்தப் புள்ளிக்கும் கண்பாவையின் மையத்துக்கும் இடையிலுள்ள தூரத்தையும் திசையையும் நொடிக்கு 60 முறையிலிருந்து ஆயிரம் முறைக்கும் மேல் வரை அளக்கிறது. சோதனை தொடங்கும் முன், திரையின் பல இடங்களில் தோன்றும் புள்ளிகளைப் படிப்பவர் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கண்ணின் இன்ன நிலை திரையின் இன்ன இடத்தைக் குறிக்கிறது என்று கருவி அப்போது கற்றுக்கொள்கிறது. பிறகு அது தரும் எண்களின் குவியலை ஆய்வாளர்கள் இரண்டு வகை நிகழ்வுகளாகப் பிரிக்கிறார்கள். கண் ஏறக்குறைய ஓரிடத்தில் நிற்கும் நேரம் ‘நிலைப்பு’ எனப்படும். மௌன வாசிப்பில் அது சராசரியாக 200 முதல் 250 மில்லிநொடி. ஒரு நிலைப்பிலிருந்து அடுத்ததற்குப் பாயும் அசைவு ‘தாவல்’. அது நடக்கும்போது கண் புதிய செய்தி எதையும் உள்வாங்குவதில்லை. ஆங்கிலம் படிப்பவரின் ஒரு தாவல் வழக்கமாக ஏழு முதல் ஒன்பது எழுத்துகளைக் கடக்கிறது. பத்துக்கு ஒன்று அல்லது அதைவிடச் சற்று அதிகமான தாவல்கள் முன்னோக்கிச் செல்லாமல், படித்த இடத்துக்கே திரும்பிச் செல்கின்றன.

கண் ஏன் தாவ வேண்டியிருக்கிறது என்பதற்கு விழித்திரையின் அமைப்பே காரணம். கூர்மையான பார்வை தரும் மையக்குழி, பார்வைப் புலத்தில் ஏறத்தாழ இரண்டு பாகை மட்டுமே. 60 சென்டிமீட்டர் தூரத்திலுள்ள திரையில் அது இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவை மங்கலாகவே தெரிகின்றன என்பதால், எதையும் எழுத்தளவில் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் கண்ணை அங்கே கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். கண் நிற்கும் இடத்தில்தான் மனமும் வேலை செய்கிறது என்ற எடுகோளை மார்செல் ஜஸ்ட், பாட்ரிசியா கார்ப்பெண்டர் ஆகிய இருவரும் 1980இல் வெளிப்படையாக வகுத்தனர். இந்தத் துறை முழுவதும் அந்த எடுகோளின் மீதே நிற்கிறது. அது எந்த இடத்தில் தளர்ந்துபோகிறது என்பது பின்னர் தெரியவரும்.

நிரல் வாசிப்பை இந்த முறையில் முதன்முதலாக ஆராய்ந்தவர்களில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்த்தா கிராஸ்பியும் யான் ஸ்டெலோவ்ஸ்கியும் முக்கியமானவர்கள். 1990இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், வரிசைப்படுத்திய பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாகப் பிரித்துக்கொண்டே போய்த் தேடும் ‘இருமத் தேடல்’ என்னும் படிமுறை, பாஸ்கல் மொழியில் எழுதப்பட்டு, அனுபவம் மிக்கவர்களுக்கும் அனுபவம் குறைந்தவர்களுக்கும் காட்டப்பட்டது. அனுபவம் குறைந்தவர்கள் நிரலுக்கு இடையே சாதாரண மொழியில் எழுதப்படும் குறிப்புரைகளில் அதிக நேரம் செலவிட, அனுபவம் உள்ளவர்களின் கண் சிக்கலான கூற்றுகளில் நிலைத்தது. குறிப்புரை என்பது நிரல் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியவர் நினைத்ததைச் சொல்கிறது. அது உண்மையில் என்ன செய்கிறது என்பதை நிரல் மட்டுமே சொல்லும். பிழை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வேறுபாட்டின் கனம் புரியும்.

நிரலின் வாசிப்பு வரிசை எது என்ற கேள்வியில்தான் இந்தத் துறையின் மிகவும் சுவையான பகுதி தொடங்குகிறது. கதையோ கட்டுரையோ மேலிருந்து கீழாகப் படிப்பதற்கென்றே எழுதப்படுகிறது. நிரலுக்கோ இரண்டு வரிசைகள் இருக்கின்றன: பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் வரிசை ஒன்று, கணினி நிறைவேற்றும் வரிசை மற்றொன்று. ‘செயற்கூறு’ எனப்படும் ஒரு தனித்த நிரல் துண்டு கோப்பின் முதல் வரியில் எழுதப்பட்டிருந்தாலும், ஐம்பதாவது வரியில் அது அழைக்கப்படும்போதுதான் இயங்குகிறது. ‘மடக்கு’ எனப்படும் திரும்பத் திரும்ப நிறைவேறும் பகுதியில் ஓட்டம் கீழே போய் மறுபடியும் மேலே வருகிறது. 2015இல் டெரேசா புஸ்யானும் அவருடைய கூட்டாளிகளும் நிரலாக்கம் கற்கத் தொடங்கிய 14 பேரையும், அதையே தொழிலாகக் கொண்ட 6 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். கற்றுக்குட்டிகள் உரைநடையைப் படித்ததைவிட நிரலைக் குறைந்த நேர்வரிசையில் படித்தார்கள். தொழில்முறை நிரலர்களோ அவர்களையும்விடக் குறைந்த நேர்வரிசையில் படித்தார்கள். தேர்ச்சி கூடக்கூட, கண் பக்கத்தின் வரிசையை விட்டு விலகி நிரலின் ஓட்டத்தைப் பின்தொடரக் கற்றுக்கொள்கிறது என்பது அவர்களின் முடிவு.

அழகான முடிவுதான், ஆனால் ஆறு பேரை வைத்து ‘நிபுணர்கள் இப்படித்தான் படிக்கிறார்கள்’ என்று பொதுவிதி எழுதுவது அவசரம். 2020இல் நார்மன் பைட்டெக் தலைமையிலான ஜெர்மன் ஆய்வாளர்கள் 31 பேரை வைத்து இதே கேள்வியை மறுபடியும் எழுப்பியபோது, படிப்பவரின் அனுபவத்தைவிட நிரலின் கட்டமைப்பே வாசிப்பு வரிசையைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று தெரியவந்தது. நேராக ஓடும் நிரலை எல்லோரும் ஏறத்தாழ நேராகவே படித்தார்கள். தாவித் தாவி ஓடும் நிரல் எல்லோருடைய கண்ணையும் தாவ வைத்தது. முதல் ஆய்வு திறமையைப் படிப்பவரிடம் தேடியதென்றால், இரண்டாவது ஆய்வு பொறுப்பின் ஒரு பகுதியை எழுதியவரிடம் ஒப்படைக்கிறது. நிரலைப் படிப்பவரின் கண்ணை அலைக்கழிக்காதபடி எழுதுவதும் ஒரு தொழில்திறன் என்ற பொருள் இதில் இருப்பதால், இரண்டாவது முடிவே நடைமுறைக்குக் கூடுதலாக உதவும்.

மீளாய்வைப் பொறுத்தவரை, இத்துறையில் இதுவரை வெளியானவற்றுள் பயன் மிகுந்த ஆய்வு எது என்று கேட்டால், ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஹிதெதாகே உவானோவும் சக ஆய்வாளர்களும் செய்து 2006இல் வெளியிட்டதைத்தான் சொல்ல வேண்டும். சி மொழியில் எழுதப்பட்ட ஆறு சிறு நிரல்கள். ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒரு தர்க்கப் பிழை. நிரலை இயக்கிப் பார்க்காமல் கண்ணால் படித்தே பிழையைக் கண்டுபிடிக்க வேண்டிய ஐந்து பேர். அவர்களின் கண்தடத்தை வரிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது ஒரு பொதுவான பழக்கம் வெளிப்பட்டது. பிழையைத் தேடத் தொடங்கும் முன், மீளாய்வாளர்கள் நிரல் முழுவதையும் மேலிருந்து கீழாக ஒருமுறை வேகமாகப் பார்த்துவிடுகிறார்கள். மொத்த நேரத்தின் முதல் 30 சதவீதத்துக்குள்ளேயே வரிகளில் 72.8 சதவீதம் பார்க்கப்பட்டுவிடுகின்றன. இந்த முதல் சுற்றுக்கு அவர்கள் ‘வருடல்’ என்று பொருள்படும் பெயர் வைத்தனர். அந்த வருடலுக்குப் போதிய நேரம் ஒதுக்காமல், கண்ணில் பட்ட முதல் சந்தேகத்துக்கிடமான வரியிலேயே இறங்கிவிட்டவர்கள் பிழையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். முதலில் செலவழித்த நேரம் பின்னர் மிச்சமாகிறது என்ற இந்த முடிவு, அவசரக்காரர்களின் உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது.

வருடல் ஏன் உதவுகிறது என்பதற்கான குறிப்பும் அதே கண்தடங்களில் இருக்கிறது. ‘மாறி’ என்பது மதிப்பு ஒன்றைச் சேமித்து வைக்க நிரலில் இடப்படும் பெயர். மீளாய்வாளரின் கண் ஒரு வரியில் ஒரு மாறியைச் சந்தித்ததும், அது முதலில் அறிவிக்கப்பட்ட வரிக்கோ கடைசியாகப் பயன்படுத்தப்பட்ட வரிக்கோ திரும்பி ஓடுகிறது. முழு நிரலையும் ஒருமுறை பார்த்தவருக்கு எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்ற இடநினைவு இருப்பதால், அந்த ஓட்டம் நேராகப் போய்ச் சேருகிறது. பார்க்காதவர் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கிறது. ஊருக்குப் புதியவர் முதலில் தெருக்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால், பிறகு முகவரி விசாரிக்க வேண்டியதில்லை என்பதைப் போன்றது இது. ஐந்து பேரை வைத்துச் செய்த ஆய்வு என்ற குறை இதற்கும் உண்டு. ஆனால் 2012இல் பொனிதா ஷெரீஃப், மைக்கேல் ஃபால்கோன், ஜொனதன் மலெட்டிக் ஆகியோர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 15 பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோதும், வருடல் நேரத்துக்கும் பிழை கண்டுபிடிக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பு உறுதிப்பட்டது. ஓர் ஆய்வை வேறொரு குழு வேறொரு நாட்டில் திரும்பச் செய்து ஒத்த முடிவுக்கு வருவது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பதில்லை.

நிரலர்கள் ஓயாமல் வாதிடும் சில பழக்கவழக்கங்களையும் கண்தடக் கருவி விசாரணைக்கு அழைத்திருக்கிறது. பல சொற்கள் சேர்ந்த பெயரை இடைவெளியின்றி எழுதும்போது, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கும் ‘கேமல் கேஸ்’ முறை நல்லதா, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இடும் முறை நல்லதா என்பது பழைய சண்டை. 2010இல் ஷெரீஃபும் மலெட்டிக்கும் கண்டறிந்தது, துல்லியத்தில் வேறுபாடு இல்லை, வேகத்தில் அடிக்கோட்டு முறை முந்துகிறது என்பதுதான். சோதனையில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் அடிக்கோட்டு முறையில் பயின்றவர்கள் என்பதையும் அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். வரிகளை எத்தனை இடைவெளி உள்தள்ளி எழுதுவது என்ற வாதத்தை 2019இல் ஒரு ஜெர்மன் குழு 22 பேரின் கண்தடத்தோடு ஆராய்ந்தபோது, உள்தள்ளலின் அளவு புரிதலைக் குறிப்பிடத்தக்க விதத்தில் பாதிக்கவில்லை. இத்தகைய முடிவுகளைப் படித்துவிட்டு எந்த அலுவலகமும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. மாற்றிக்கொள்ளத் தேவையும் இல்லை.

நிரலர்கள் ஒரு செயற்கூற்றில் முதலில் எதைப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி இதைவிடத் தீவிரமானது. அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் பேய்ஜ் ரோடகீரோவும் சக ஆய்வாளர்களும் தொழில்முறை நிரலர்கள் 10 பேரிடம் ஜாவா மொழிச் செயற்கூறுகளைக் கொடுத்து, அவற்றைச் சுருக்கி எழுதச் சொன்னார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, செயற்கூற்றின் பெயரும் உள்ளீடுகளும் இடம்பெறும் தலைவரியை நிரலர்கள் அதிகம் பார்த்தார்கள். நிபந்தனைகளையும் மடக்குகளையும் குறிக்கும் சொற்களைக் குறைவாகவே பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, ஷெரீஃபும் மலெட்டிக்கும் அங்கம் வகித்த குழு ஒன்று, திரையில் அடங்கும் சிறு துண்டுகளுக்குப் பதிலாக, நிரலர்கள் அன்றாடம் வேலை செய்யும் சூழலிலேயே முழுநீள நிரலைக் கொடுத்து 18 பேரைச் சோதித்தபோது படம் மாறியது: செயற்கூறு நீளமாக நீளமாகத் தலைவரியின் பங்கு குறைந்து, உள்ளே வேறு செயற்கூறுகளை அழைக்கும் இடங்கள் கண்ணை இழுத்தன. ஆய்வகத்தில் ஒரே பக்கத்தில் அடங்கும் நிரலைப் படிப்பது வேறு, பல கோப்புகளில் பரவிக் கிடக்கும் நிரலைப் படிப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆய்வகத்துச் சோதனைகள் ஏன் இவ்வளவு காலம் சிறு துண்டுகளிலேயே நின்றுவிட்டன என்பதற்குக் கருவியின் இயல்பு காரணமாக இருந்தது. நல்ல கருவிகளிலும் அரைப் பாகை அளவுக்குப் பிழை சாதாரணம். 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது அரை சென்டிமீட்டர், அதாவது வழக்கமான எழுத்தளவில் ஒரு முழு வரியின் உயரம். கண் பதினைந்தாவது வரியைப் பார்த்ததா பதினாறாவதையா என்பதே ஐயத்துக்குரியதாகிவிடும் என்பதால், ஆய்வாளர்கள் எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு, அதன் விளைவாக இருபது முப்பது வரிகளுக்கு மேல் காட்ட முடியாமல் தவித்தார்கள். படிப்பவர் திரையை உருட்டிவிட்டால் திரையின் அதே புள்ளியில் வேறு வரி வந்து நின்றுவிடும் என்பது இன்னொரு தொல்லை. உருட்டும் அளவையும் திறந்திருக்கும் கோப்பையும் உடனுக்குடன் கணக்கில் எடுத்துக்கொண்டு, கண் நின்ற புள்ளியை இன்ன கோப்பின் இன்ன சொல் என்று மாற்றித் தரும் ‘ஐட்ரேஸ்’ என்ற மென்பொருளை ஷெரீஃப், மலெட்டிக் ஆகியோரின் குழுக்கள் உருவாக்கிய பிறகே இந்த வேலி சற்று விலகியது. அதைப் பயன்படுத்தி 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 22 பேர் உண்மையான மென்பொருள் ஒன்றில் மாற்றங்கள் செய்தார்கள். அவர்கள் ஒரு செயற்கூற்றைத் திறந்தால் அதை முழுவதும் படிக்காமல், சில வரிகளை மட்டும், அதுவும் பெரும்பாலும் ஒரே தரவு கடந்து செல்லும் வரிகளை மட்டும் தொட்டுவிட்டுப் போவது தெரியவந்தது.

மீளாய்வு செய்பவர் நிரலை மட்டுமே பார்க்கிறார் என்ற நம்பிக்கையையும் கண்தடம் கலைத்திருக்கிறது. டெனே ஃபோர்டு தலைமையில் 2019இல் வெளியான ஆய்வில் 42 பேர் கலந்துகொண்டு, திறந்த மூல மென்பொருள்களில் வெளியார் சமர்ப்பிக்கும் மாற்றங்களை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானித்தார்கள். அவர்களின் கண், சமர்ப்பித்தவரின் படம், பெயர், முந்தைய பங்களிப்புகள் போன்ற அடையாளங்களின் மீதும் நின்றது. ஆனால் எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டபோது அந்த அடையாளங்களை அவர்கள் அவ்வளவாகக் குறிப்பிடவில்லை. அடுத்த ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 37 பேரிடம், எழுதியவர் ஆண், பெண், கணினி என்று அடையாளத்தை மட்டும் மாற்றி மாற்றி நிரல்களைக் காட்டி, மூளைப் படத்தையும் கண்தடத்தையும் சேர்த்துப் பதிவு செய்தபோது, அந்த அடையாளத்துக்கு ஏற்ப எல்லோருடைய மீளாய்வும் மாறியது. மீளாய்வின் நேர்மையைப் பற்றிப் பெருமை பேசும் ஒரு தொழிலுக்கு இது சங்கடமான செய்தி. எழுதியவரின் பெயரை மறைத்துவிட்டு மீளாய்வுக்கு அனுப்புவது தொழில்நுட்ப அளவில் பெரிய காரியமில்லை என்பதால், சங்கடப்படுவதோடு நின்றுவிடக் காரணமும் இல்லை.

கண் நிற்கும் இடத்தில்தான் மனமும் இருக்கிறது என்ற எடுகோள் எங்கே தளர்கிறது என்பதை, இதே கருவியை நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் கதிர்ப்பட மருத்துவத்தில் பார்க்கலாம். நுரையீரல் படங்களில் கட்டிகளைத் தவறவிடும் மருத்துவர்களின் கண்தடத்தை 1970களில் ஆராய்ந்த ஹரால்டு குண்டலும் கால்வின் நோடினும் தவறுகளை மூன்றாகப் பிரித்தனர்: கண் அந்த இடத்துக்கே போகாதது, போயும் நிற்காமல் கடந்தது, நீண்ட நேரம் நின்று பார்த்தும் கட்டி இல்லை என்று முடிவு செய்தது. இவற்றில் மூன்றாவது வகையே பெரும்பங்கு. 2013இல் டிராஃப்டன் ட்ரூவும் சக ஆய்வாளர்களும் நுரையீரல் படத்தின் மீது ஒரு கொரில்லாவின் சிறு உருவத்தைப் பதித்துக் காட்டியபோது, 24 கதிர்ப்பட மருத்துவர்களில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அந்த 20 பேரில் 12 பேரின் கண் கொரில்லா இருந்த இடத்திலேயே நேராக நின்றிருந்தது. நிரல் மீளாய்விலும் இந்த மூன்று வகைத் தவறுகளைத் தனித்தனியே பார்ப்பது அவசியம். கண் போகாத வரிக்குக் கருவியை மாற்றி வழிகாட்டலாம். ‘இந்தக் கோப்பின் கடைசிப் பகுதியை இன்னும் பார்க்கவில்லை’ என்று மென்பொருளே நினைவூட்டலாம். கண் போய் நின்றும் மனம் தவறவிட்ட வரிக்கு அத்தகைய நினைவூட்டல் எதுவும் உதவாது.

மனத்தின் பாரத்தை அளக்க ஆய்வாளர்கள் கண்பாவையின் விரிவைத் துணைக்கு அழைக்கிறார்கள். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் கூடக்கூடக் கண்பாவை விரிகிறது என்பதை டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் 1966இல் காட்டியிருந்தனர். 2014இல் தாமஸ் ஃப்ரிட்ஸின் குழு, கண்தடத்தோடு தோலின் மின்கடத்தலையும் மூளையின் மின்னலைகளையும் சேர்த்து, 15 தொழில்முறை நிரலர்களுக்கு எந்த வேலை கடினமாக இருந்தது என்பதை ஏறத்தாழ 65 சதவீதத் துல்லியத்தோடு கணித்தது. தற்செயலாகச் சொன்னாலே பாதி சரியாக இருக்கும் என்ற நிலையில், இது தொடக்கம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. கண்பாவை வெளிச்சத்துக்கும் விரிந்து சுருங்கும் என்பதால், கறுப்புத் திரையிலிருந்து வெள்ளைத் திரைக்கு மாறினாலே அளவீடு குலைந்துவிடும். நிரலைப் படிப்பது மொழியைப் படிப்பதுபோல் மூளையில் நடக்கிறதா என்ற கேள்வியில்கூட ஒற்றுமை இல்லை: யானெட் சீக்மண்டின் குழு 2014இல் மொழியோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகள் இயங்குவதைக் கண்டது, எம்ஐடி ஆய்வாளர்கள் 2020இல் மொழிப் பகுதிகளின் பங்கு குறைவு என்றும், கணக்கும் புதிரும் தீர்க்கும்போது இயங்கும் பொதுப் பகுதிகளே அதிகம் வேலை செய்கின்றன என்றும் கண்டார்கள்.

சிறு மாதிரிகள் என்ற குறையைப் போக்கும் முயற்சியாக, 4 கண்டங்களில் உள்ள 8 நாடுகளின் 11 ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து, 216 நிரலர்களின் கண்தடங்களை ஒரே முறையில் பதிவு செய்து, யாரும் பயன்படுத்தும்படி 2020இல் பொதுவில் வெளியிட்டன. அந்தப் பொதுத் தரவு வந்த நேரமும் பொருத்தமானது. நிரலைத் தானே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து அலுவலகங்களுக்குள் வரத் தொடங்க, நிரலரின் வேலையில் எழுதுவதன் பங்கு குறைந்து படிப்பதன் பங்கு கூடிவருகிறது.

இந்தப் புதிய நிலைமையைக் கண்தடத்தால் பார்த்த இரண்டு ஆய்வுகள் கவலையும் நம்பிக்கையும் தருகின்றன. 2022இல் நசீர் அல் மாதி 21 பேரை வைத்துச் செய்த ஆய்வில், கோபைலட் என்ற கருவி எழுதிய நிரல் மனிதர் எழுதியதற்கு ஈடாகப் படிக்க எளிதாக இருந்தும், படிப்பவர்களின் கண் அதன் மீது குறைவாகவே நின்றது. இயந்திரம் எழுதியது சரியாக இருக்கும் என்று எண்ணிவிடும் ஆபத்தை அந்த ஆய்வு எச்சரித்தது. 2024இல் நோட்ர டேம் ஆய்வாளர்கள் 28 பேரிடம் இயந்திரம் எழுதிய நிரல்களைத் திருத்தக் கொடுத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அதைச் சொல்லிவைத்தபோது, தெரிந்தவர்கள் அதிகம் தேடினார்கள், அதிகம் சிரமப்பட்டார்கள், தெரியாதவர்களைவிட நன்றாகவும் திருத்தினார்கள்.

மீளாய்வுக் கருவிகளை வடிவமைப்பவர்களுக்கு இதில் உடனே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. மாற்றப்பட்ட கோப்புகள் பல கருவிகளில் அகர வரிசையில் காட்டப்படுகின்றன. பட்டியலின் கடைசியில் வரும் கோப்புக்குக் குறைந்த கருத்துகளே கிடைக்கின்றன என்பதையும், அதிலுள்ள பிழை கூடுதலாகத் தப்பிவிடுகிறது என்பதையும் 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டிவிட்டது. பெயரின் முதலெழுத்துக்குப் பதிலாக மாற்றத்தின் முக்கியத்துவத்தை வைத்துக் கோப்புகளை அடுக்குவதும், இயந்திரம் எழுதிய வரிகளை அவ்வாறே அடையாளமிட்டுக் காட்டுவதும் கடினமானவை அல்ல. மீளாய்வு செய்பவர்களுக்கோ, கருவி எதுவும் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை: முதல் கருத்தை எழுதும் முன், மாற்றம் முழுவதையும் கடைசிக் கோப்பின் கடைசி வரி வரை ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பிறகு மேலே வந்து தொடங்குங்கள்.